ரெண்டும் மூணும் சமமா இருக்கா?

ராத்திரி பதினோரு மணிக்கு நீ போன் பண்ணினப்போ குரல்லயே தெரிஞ்சுது, அழுகை தொண்டை வரைக்கும் வந்து நிக்குதுன்னு. "அக்கா, ஸ்விட்ச் போட்டதும் ஒரு செகண்டு பீப் சத்தம் வருது, அப்புறம் நின்னுடுது. ஸ்பீக்கர் கோன் உள்ளே இழுத்துக்கிட்டு அப்படியே நிக்குது. என்னன்னு பார்க்க மீட்டரை வெச்சா மறுபடி சத்தம் வருதுக்கா! எடுத்தா நின்னுடுது. மூணு 741 மாத்திட்டேன். நாளன்னைக்கு ரிவ்யூ." எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்ச. அந்த நேரத்துல நான் எதையாவது சொல்லி, நீ அரைத்தூக்கத்துல எதையாவது மாத்திப் போட வேண்டாம்னுதான் "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் படு கண்ணு, காலையில எழுதி அனுப்பறேன்"னு வெச்சேன். உன் கூட ப்ராஜெக்ட் பண்ற பொண்ணுங்களுக்கும் இதைக் காட்டு.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நாலாவது ஐசியைக் கையில எடுக்காதே. 741, 1968-ல ஃபேர்சைல்டு கம்பெனியில டேவ் ஃபுல்லகர் வடிவமைச்சது. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் காலேஜ் லேப்ல பிள்ளைங்க கையில அடி வாங்கிக்கிட்டுத்தான் இருக்கு. அவுட்புட்டை கிரவுண்டோட ஷார்ட் பண்ணினாலும் சுமார் 25 மில்லி ஆம்பியரோட நின்னுக்கும், சாகாது. அதைக் கொல்லணும்னா சப்ளையைத் தலைகீழாக் கொடுக்கணும், இல்லேன்னா சப்ளை இல்லாத நேரத்துல இன்புட்டுல வோல்ட்டேஜைத் திணிக்கணும். மூணு ஐசி மாத்தியும் மூணும் ஒரே மாதிரி நடந்துக்குதுன்னா, மூணும் நல்லா இருக்குன்னு அர்த்தம். கோளாறு அதைச் சுத்தி எங்கயோ இருக்கு. நான் போர்டு டெஸ்டிங் பெஞ்சுல உட்கார்ந்து 14 வருஷம் ஆச்சு. ஐசி மேல பழி போட்டுக் கழட்டினதுக்கப்புறம் பக்கத்துல இருந்த ரெசிஸ்டர்தான் காரணம்னு தெரிஞ்ச நாள்தான் அதிகம்.

741 ஒரு ஆப்ஆம்ப். ஆப்ஆம்ப்புக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணுதான். பின் 2-ஐயும் பின் 3-ஐயும் பார்த்துக்கிட்டே இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல துளி வித்தியாசம் வந்தாலும் அவுட்புட்டான பின் 6-ஐ மேலயோ கீழயோ தள்ளும். அது ஃபீட்பேக் ரெசிஸ்டர் வழியாத் திரும்பி வந்து பின் 2-ஐ பின் 3-க்குச் சமமாக்கும். ஏசி கொடுத்தா செகண்டுக்கு ஆயிரம் தடவை இதே வேலை. அதனால சர்க்யூட் வேலை செய்யலைன்னா நான் கேக்குற கேள்வி இதுதான்: ரெண்டும் மூணும் சமமா இருக்கா?

சமமா இல்லேன்னா, ஆப்ஆம்ப் முட்டி மோதிப் பார்த்துட்டு முடியாம நிக்குது. சப்ளை பத்தலையா, லோடு ரொம்பக் கேக்குதா, ஃபீட்பேக் கம்பி கழண்டிருக்கா, பின் 2-ம் 3-ம் இடம் மாறியிருக்கான்னு தேடு. சமமா இருந்தும் ஸ்பீக்கர்ல தப்பா வருதுன்னா, அது தன் வேலையைச் சரியாச் செய்யுது, நாம அதுக்குக் கொடுத்த வேலைதான் தப்பு. உன் போர்டுல இந்த ரெண்டு வகைக் கோளாறும் இருக்கு. நீ அனுப்பின போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன்.

ஸ்பீக்கரைக் கழட்டு

வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி இது. கோன் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு அசையாம நிக்குதுன்னா அதுக்குள்ள டிசி பாயுது. ஏசின்னா கோன் ஆடணும், நிக்கக் கூடாது. உன் ஸ்பீக்கர் பின்னாடி அரை வாட்டுன்னு எழுதியிருக்கும். ஸ்பீக்கரை ஓட்டுற உன் பிடி140 டிரான்சிஸ்டர் வழியா அரை ஆம்பியர் டிசி போனாலே 8 ஓம்ல 2 வாட் ஆயிடும். அதுக்கு மேல போனா காயில் கருகின வாசனை வரும், அதோட அந்த ஸ்பீக்கர் போச்சு. பிடி140 மட்டும் கை வைக்க முடியாம சுட்டதுன்னு சொன்னியே, அதுவும் இதனாலதான். நீ ரெண்டு மூணு செகண்டுல ஆஃப் பண்ணினது நல்லதாப் போச்சு.

ஸ்பீக்கர் தப்பிச்சிருக்கான்னு பாரு: மீட்டரை ஓம் ரேஞ்சுல வெச்சு ரெண்டு முனையைத் தொட்டா 6, 7 ஓம் காட்டணும். 8-ன்னு காட்டலையேன்னு பயப்படாதே. 8 ஓம்ங்கறது ஏசிக்குச் சொல்ற கணக்கு, வெறும் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். தொடும்போது லேசா ஒரு "கிரிக்" சத்தம் கேட்டா இன்னும் நிம்மதி.

அதை ஓரமா வெச்சுட்டு, அந்த இடத்துல ஒரு 1 கே ரெசிஸ்டரைப் போடு. ரிச்சி ஸ்ட்ரீட் போனா 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ரெண்டு வாங்கிக்கோ, வெள்ளைக் கல்லு மாதிரி நீளமா இருக்குமே, அது. 1 கே சோதனை முடிஞ்சதும், சர்க்யூட் சரியாகுற வரைக்கும் அதுதான் உனக்கு ஸ்பீக்கர். அது சூடானாலும் ஒண்ணும் ஆகாது.

சப்ளையை ஐசியோட காலில் பாரு

பவர் சப்ளை பெட்டியில 12 காட்டுதுங்கறது போதாது. மீட்டர் கறுப்பு முனையை கிரவுண்டுல வெச்சு, சிவப்பு முனையை நேரா ஐசியோட பின் 7-ல வை. பிளஸ் 12 வரணும். பின் 4-ல மைனஸ் 12 வரணும். பிரெட்போர்டு ஓட்டையில இல்ல, ஐசி கால் மேலயே. பெரிய பிரெட்போர்டுகள்ல மேலயும் கீழயும் ஓடுற பவர் லைன் பல போர்டுல நடுவுல துண்டாகியிருக்கும். சிவப்புக் கோடே அந்த இடத்துல விட்டிருக்கும். வலது பாதிக்கு சப்ளை போகாம, "எல்லா கனெக்ஷனும் சரியாத்தான் இருக்கு"ன்னு மணிக்கணக்குல உட்கார்ந்திருந்த பிள்ளைங்களை எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு. 741-க்கு கிரவுண்டு பின்னே கிடையாது. எட்டு கால்ல எதுவும் கிரவுண்டு இல்ல. கிரவுண்டுங்கறது சப்ளையோட நடுப்புள்ளி, அதாவது டிரான்ஸ்ஃபார்மர்ல 12-0-12-ல நடுவுல இருக்கற அந்த 0. பின் 2-ல இருந்து வர்ற உன் 1 கே ரெசிஸ்டர், ஸ்பீக்கரோட ஒரு முனை, ஃபங்ஷன் ஜெனரேட்டரோட கறுப்பு கிளிப்பு எல்லாம் அந்த ஒரே புள்ளிக்கு வரணும். ஜெனரேட்டர் கறுப்பை விட்டுட்டா சிக்னல் போறதுக்கு வழி இருக்கு, திரும்பி வர்றதுக்கு வழி இல்ல.

ரெகுலேட்டர் விஷயத்துல நான் பட்டதைச் சொல்றேன். காலேஜ் மூணாம் வருஷம், இதே மாதிரி ப்ராஜெக்ட். 7812-ஓட கால் வரிசை இன்புட், கிரவுண்டு, அவுட்புட். 7912-ம் அதே மாதிரிதானேன்னு அதே வரிசையில வயர் பண்ணிட்டேன். 7912-க்கு வரிசை கிரவுண்டு, இன்புட், அவுட்புட். அதைக் கண்டுபிடிச்சுத் திருத்தினதுக்கப்புறமும் ஒரு வாசனை. ரெண்டையும் ஒரே அலுமினியத் தகட்டுல போல்ட் போட்டு முறுக்கியிருந்தேன். 7812-ஓட உலோக முதுகு கிரவுண்டு. 7912-ஓட முதுகு அதோட இன்புட், மைனஸ் 16 வோல்ட் வர்ற இடம். தகடு ரெண்டையும் ஷார்ட் பண்ணி, டிரான்ஸ்ஃபார்மர் வார்னிஷ் உருகற நாத்தம் வந்துச்சு. நம்ம அப்பா வாங்கிக் கொடுத்த டிரான்ஸ்ஃபார்மர் அது. அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனித் தகடு போடு, இல்லேன்னா மைக்கா வாஷர் வை. உன் பிடி139, பிடி140-க்கும் இதே கதைதான். அதுங்க முதுகு கலெக்டர். ஒண்ணு பிளஸ் 12-ல, இன்னொண்ணு மைனஸ் 12-ல இருக்கு.

நம்ம ஊர்ல சாயங்காலம் கரண்டு 180-க்கு இறங்குதே, அப்படி இருந்தா அந்த 12 வோல்ட் வைண்டிங் 9.4 தான் கொடுக்கும். டயோடு தாண்டி வர்ற உச்சம் 12.6. ரெகுலேட்டருக்கு உள்ள வர்றது சுமார் 14 இருந்தாத்தான் 12 நிக்கும். அப்போ 100 ஹெர்ட்ஸ்ல ஒரு உறுமல் கேக்கும். உன் ஹாஸ்டல்ல அந்தப் பிரச்சினை இல்லேன்னு நினைக்கறேன். ஆனா லீவுக்கு ஊருக்கு வந்து இங்க ஓட்டிப் பார்த்துட்டு ஆப்ஆம்ப்பைத் திட்டாதே. டிரான்ஸ்ஃபார்மரோட 230 வோல்ட் பக்க ஜாயிண்டு ரெண்டுக்கும் ஸ்லீவ் போட்டிருக்கியா? போட்டோவுல எனக்குத் தெரியல. போடலைன்னா இதைப் படிக்கறதை நிறுத்திட்டு, பிளக்கைப் பிடுங்கிட்டு, அதைப் போட்டுட்டு வா.

மீட்டரை வெச்சா ஏன் சத்தம் வந்துச்சு

இது பேயுமில்ல, உன் ராசியுமில்ல. இதைச் சொல்லத்தான் காலையில அஞ்சு மணிக்கே எழுந்தேன், கண்ணு. ரொம்ப அழகான கோளாறு இது.

ஜெனரேட்டர்ல இருந்து வர்ற டிசியைத் தடுக்க 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு போட்டிருக்க. அது நேரா பின் 3-க்குப் போகுது. பின் 3-ல வேற எதுவுமே இல்ல. புத்தகத்துல ஆப்ஆம்ப் இன்புட்டுக்குள்ள கரண்டே போகாதுன்னு படிச்சிருப்ப. கணக்குப் போடறதுக்கு அது சரி. நிஜத்துல 741-ஓட ஒவ்வொரு இன்புட்டும் துளி கரண்டு குடிச்சாத்தான் உயிரோட இருக்கும். வழக்கமா 80 நானோ ஆம்பியர். அந்தத் துளி வர்றதுக்கு ஒரு வழி வேணும். உன் சர்க்யூட்ல கெப்பாசிட்டர் டிசிக்கு வழியை அடைச்சுடுச்சு. வேற வழி இல்லாம, பின் 3 அந்தக் கெப்பாசிட்டர்ல இருந்தே உறிஞ்ச ஆரம்பிச்சுடுது.

கணக்குப் போடு. 80 நானோ ஆம்பியரை 0.1 மைக்ரோ ஃபாரடால வகுத்தா செகண்டுக்கு 0.8 வோல்ட். அந்த வேகத்துல பின் 3 மைனஸ் பக்கம் சரியுது. உன் கெயின் 11. அப்போ பின் 6 செகண்டுக்கு 8.8 வோல்ட் சரியுது. ஒரு செகண்டு கொஞ்சம் தாண்டினதும் போய் மைனஸ் சப்ளைக்குப் பக்கத்துல முட்டிக்கிட்டு நின்னுடும். அதுக்கு மேல சிக்னல் வந்தா என்ன, வராட்டி என்ன? நீ சொன்ன "ஒரு செகண்டு சத்தம்" அதுதான். பிடி140 முழுசாத் திறந்து ஸ்பீக்கரை மைனஸ் பக்கம் இழுத்துப் பிடிச்சதும் அதுதான்.

இப்ப நீ மீட்டரோட சிவப்பு முனையை பின் 3-ல வெச்ச, கறுப்பு கிரவுண்டுல இருந்துச்சு. உன் மஞ்சக் கலர் மீட்டருக்கு டிசி வோல்ட் ரேஞ்சுல உள் ரெசிஸ்டன்ஸ் 1 மெக் ஓம். பின் 3 தவிச்சுக்கிட்டிருந்த அந்த வழி மீட்டருக்குள்ள கிடைச்சுடுச்சு! பத்துல ஒரு பங்கு செகண்டுல கெப்பாசிட்டர் தேறிக்குது, சத்தம் திரும்பி வருது. மீட்டரை எடுத்தா வழி போச்சு.

மீட்டர்ல என்ன எண் இருந்துச்சுன்னு நான் கேட்டப்போ "மைனஸ் 76 மில்லி வோல்ட்டுக்கா, அது சும்மா ஏதோ நாய்ஸ்"னு சொன்ன. நாய்ஸ் இல்ல கண்ணு. 76 மில்லி வோல்ட்டை 1 மெக் ஓமால வகுத்துப் பாரு, 76 நானோ ஆம்பியர். உன் கையில இருக்கற அந்த 741 குடிக்கற கரண்டையே நீ ராத்திரி அளந்துட்ட, தெரியாமலேயே. டேட்டாஷீட்டுல 80-ன்னு போட்டிருக்கான், உனக்கு 76 வந்திருக்கு. சோதனை பண்றப்போ மீட்டர்ல வர்ற எந்த எண்ணையும் "சும்மா"ன்னு ஒதுக்காதே. நோட்டுல எழுதி வை. புரியாத எண்ணுதான் நமக்கு வழி காட்டும்.

மருந்து: பின் 3-ல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கே ரெசிஸ்டர். விலை ரொம்பக் கம்மிதான். அதுல விழற டிசி 7, 8 மில்லி வோல்ட்தான், 11 மடங்கானாலும் 90-க்குள்ள அடங்கும். அதையும் குறைக்கணும்னா, பின் 2-ல இருந்து கிரவுண்டுக்குப் போற 1 கே-வோட வரிசையா ஒரு 10 மைக்ரோ ஃபாரட் போட்டுடு. ஏசிக்கு கெயின் 11-ஆவே இருக்கும், டிசிக்கு மட்டும் 1 ஆயிடும். ரெண்டு கெப்பாசிட்டருக்கும் கட்-ஆஃப் 16 ஹெர்ட்ஸ் கிட்ட வரும், உன் 1 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஒரு பாதிப்பும் இல்ல. ஆனா இந்த 10 மைக்ரோவை இப்பவே போடாதே. கீழே சொல்ற டிசி சோதனை முடியட்டும்.

ஏசி சர்க்யூட்டை டிசியால சோதி

இதைக் காலேஜ்ல யாரும் எனக்குச் சொல்லித் தரல, பெஞ்சுல ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தார். ஏசி ஓடிக்கிட்டிருக்கும்போது மீட்டரால பின் 2-ஐயும் 3-ஐயும் ஒப்பிடறது கஷ்டம். உன் மீட்டர்ல ஏசிக்கு ஆகச் சின்ன ரேஞ்சே 200 வோல்ட். 0.2 வோல்ட் சிக்னலை அது எங்க பார்க்கப் போகுது? அதனால அலையை நிறுத்தி வெச்சுப் பாரு.

ஜெனரேட்டரையும் இன்புட் கெப்பாசிட்டரையும் கழட்டிடு. பிளஸ் 12-ல இருந்து 10 கே, அதுக்குக் கீழ 100 ஓம், அது கிரவுண்டுக்கு. நடுவுல 0.12 வோல்ட் கிடைக்கும். அதைப் பின் 3-க்குக் கொடு. லோடு 1 கே-தான் இருக்கணும், ஸ்பீக்கர் இல்ல. இப்ப பின் 3-ல 0.12, பின் 2-லயும் 0.12, அவுட்புட்டுல 1.3 வோல்ட் வரணும். அலையோட மேல் பாதி இதுதான், அசையாம நிக்குது, பொறுமையா அளக்கலாம். இது பிடி139-ஓட பாதி. அப்புறம் 10 கே-வோட மேல் முனையைப் பிளஸ்ல இருந்து எடுத்து மைனஸ் 12-ல மாட்டு. எல்லாம் மைனஸாத் திரும்பணும்: மைனஸ் 0.12, மைனஸ் 0.12, மைனஸ் 1.3. இது பிடி140-ஓட பாதி. எந்தப் பாதியில கணக்கு உதைக்குதோ அந்தப் பக்கத்து டிரான்சிஸ்டரைப் பாரு, கால் மாறியிருக்கும், இல்லேன்னா கலெக்டருக்கு சப்ளை போயிருக்காது.

ரெண்டு பாதியும் சரின்னா 1 கே-வை எடுத்துட்டு அந்த 10 ஓம் 5 வாட்டைப் போட்டு இன்னொரு தடவை. 130 மில்லி ஆம்பியர் ஓடும், டிரான்சிஸ்டர் சுடும், அஞ்சு செகண்டுக்கு மேல விடாதே. எண் அப்பவும் 1.3-லயே நின்னா உன் சர்க்யூட்டுக்குத் தெம்பு இருக்குன்னு அர்த்தம். இறங்கிப் போச்சுன்னா பின் 2-ம் 3-ம் பிரிஞ்சிருக்கும், பாரு.

இந்தத் தெம்புங்கறது என்னன்னு உன் தோழி புரிஞ்சுக்கட்டும். அவ "டிரான்சிஸ்டரே வேண்டாம், 741-ல நேரா ஸ்பீக்கரை மாட்டலாம்"னு சொன்னாளாமே. 0.2 வோல்ட் உச்சம் உள்ளே, 11 மடங்கு, 2.2 வோல்ட் வெளியே. 8 ஓமுக்கு 275 மில்லி ஆம்பியர். 741-ஆல முடியறது 25. அந்த 25-ஐ 8 ஓமால பெருக்கினா 0.2 வோல்ட். உள்ளே கொடுத்ததே வெளியே வரும், அதுவும் தலை தட்டையா வெட்டுப்பட்டு. 741 சாகாது, ஆனா பின் 2 பாவம் 0.02-ல நின்னுக்கிட்டு பின் 3-ஐ எட்டிப் பார்த்துக்கிட்டிருக்கும். டிரான்சிஸ்டர் இருந்தா, அதோட கெயின் 40-ன்னு வெச்சாலே, 741 கொடுக்க வேண்டியது 7 மில்லி ஆம்பியர்தான். அது தாராளமாக் கொடுக்கும்.

டிரான்சிஸ்டர் ஒவ்வொண்ணும் ஓடும்போது 1 வாட்டுக்குப் பக்கமாச் சூட்டைக் கொட்டும். ஹீட் சிங்க் இல்லாம பிடி139 தாங்கறது 25 டிகிரியில 1.25 வாட். சென்னை வெயில்ல 25 டிகிரிக்கு எங்க போறது? சின்னத் தகடாவது மாட்டு.

அந்த மஞ்சள் கம்பி

மீட்டரை வெச்சப்போ வந்த சத்தம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "கரகரன்னு, தகர டப்பா மாதிரி"ன்ன. ஜெனரேட்டர் சைன் வேவ்தான் கொடுக்குது, அப்புறம் எங்க இருந்து தகரம் வந்துச்சு?

போட்டோவுல 10 கே ஃபீட்பேக் ரெசிஸ்டர்ல இருந்து ஒரு மஞ்சள் கம்பி கிளம்புது. அது போய்ச் சேர்ற இடம் பின் 6. அங்கதான் தப்பு. பின் 6-ல 2.2 வோல்ட் அச்சு அசலா சைன் வேவாத்தான் இருக்கும். பின் 2-ம் 3-ம் சமமாவும் இருக்கும். ஆப்ஆம்ப்புக்குத் தெரிஞ்ச உலகம் பின் 6-ஓட முடிஞ்சுடுது, அதைப் பொறுத்தவரைக்கும் எல்லாம் நல்லா நடக்குது. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு டிரான்சிஸ்டர் இருக்கு. ஒவ்வொண்ணும் 0.6, 0.7 வோல்ட் வந்தாத்தான் கண்ணைத் திறக்கும். அதனால அலை பூஜ்யத்தைத் தாண்டும்போது, மைனஸ் 0.6-ல இருந்து பிளஸ் 0.6 வரைக்கும் ஸ்பீக்கருக்கு ஒண்ணுமே போகாது. ஒவ்வொரு அலையிலயும் நடுவுல ரெண்டு வெட்டு. அதுதான் தகர டப்பா.

மஞ்சள் கம்பியை பின் 6-ல இருந்து எடுத்து, ரெண்டு எமிட்டரும் சேர்ற இடத்துல, அதாவது ஸ்பீக்கர் கிளம்பற புள்ளியில மாட்டு. இப்ப ஆப்ஆம்ப் ஸ்பீக்கரையே பார்க்குது. பூஜ்யத்தைத் தாண்டறப்போ தானாவே பின் 6-ஐ 1.3 வோல்ட் தாவ வெச்சு அந்த வெட்டை நிரப்பிடும். சிஆர்ஓ-ல பின் 6-ஐப் பார்த்தா நடுவுல படிக்கட்டு மாதிரி ஒரு தாவல் தெரியும், ஸ்பீக்கர் பக்கம் சைன் வேவ் சுத்தமா இருக்கும். பின் 6 அசிங்கமாத் தெரியுதேன்னு பழைய இடத்துக்கே கம்பியை மாத்திடாதே!

741 செகண்டுல பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு அரை வோல்ட் தாவும். 1.3 வோல்ட் தாவ 3 மைக்ரோ செகண்டுக்குள்ள போதும். உன் அலையோட நீளம் 1000 மைக்ரோ செகண்டு, காதுக்குத் தெரியாது. 10 கிலோ ஹெர்ட்ஸ் ஓட்டினா அலை 100 மைக்ரோதான், அப்போ அந்த வெட்டு சிஆர்ஓ-ல கண்ணுக்குத் தெரியும். அதுக்கு பேஸ் பக்கம் டயோடு போட்டு பயாஸ் பண்ணணும். இந்த ரிவ்யூவுக்கு அது வேண்டாம்.

வேகத்தைப் பத்தி இவ்வளவு போதும்: 741 உச்சம் 10 வோல்ட் அலையை சுமார் 8 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் சைனா வெச்சிருக்கும், அதுக்கு மேல முக்கோணமாயிடும். உன் 2.2 வோல்ட்டுக்கு 36 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும் கவலையில்ல. வேகம் வேணும்னா டிஎல்071 போடலாம், 2, 3, 4, 6, 7 கால் எல்லாம் அதே இடம்தான். ஆனா தேவையில்லாம வேகமான ஐசி போட்டா பிரெட்போர்டுல அது தானாவே ஆட ஆரம்பிக்கும்.

அந்த ஆட்டம் வந்தா எப்படித் தெரியும்? சிக்னலே கொடுக்காம டிரான்சிஸ்டர் ரெண்டும் சூடாகும், மீட்டர்ல ஒண்ணும் காட்டாது, காதுக்கும் ஒண்ணும் கேக்காது. காதுக்கு எட்டாத உயரத்துல ஆடிக்கிட்டிருக்கும். பின் 7-ல இருந்து கிரவுண்டுக்கும், பின் 4-ல இருந்து கிரவுண்டுக்கும் 104-ன்னு எழுதின செராமிக் கெப்பாசிட்டர் ஒவ்வொண்ணு, ஐசிக்கு ஒரு விரல் அகலத்துக்குள்ள. ஸ்பீக்கர் முனையில 10 ஓமும் இன்னொரு 104-ம் வரிசையா கிரவுண்டுக்கு. கம்பியெல்லாம் குட்டையா வெட்டு. உன் போர்டுல கம்பி மேல கம்பி வளைஞ்சு முல்லைக்கொடி மாதிரி படர்ந்திருக்கு. பார்க்க அழகா இருக்கு, ஆனா அதுல ஒவ்வொண்ணும் ஆன்டெனா.

சிஆர்ஓ-ல ஒரு எச்சரிக்கை. புரோபோட கறுப்பு கிளிப்பு சுவத்துல இருக்கற எர்த்தோட சேர்ந்தது, ரெண்டு சேனலோட கறுப்பும் உள்ளே ஒண்ணுதான். அதை கிரவுண்டைத் தவிர வேற எங்கயும் மாட்டாதே. ரெண்டு சேனல் இருக்கேன்னு ரெண்டாவது கறுப்பை எமிட்டர்ல மாட்டினா அவுட்புட் நேரா ஷார்ட். 741 தாங்கும், பிடி139 தாங்காது. அதுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கடைசியா மீட்டரால ஏசி அளக்கணும்னா ஜெனரேட்டரை 300 ஹெர்ட்ஸுக்கு இறக்கிட்டு அள, அந்த மாதிரி மீட்டர் சுமார் 400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் நம்பகமாக் காட்டும். 2.2 உச்சத்துக்கு அது 1.5 கிட்ட காட்டணும், 2.2 காட்டாது.

இப்ப மணி ஆறரை. நீ எழுந்ததும் செய்ய வேண்டியது: ஸ்பீக்கரைக் கழட்டி 1 கே, பின் 3-ல 100 கே, மஞ்சள் கம்பி எமிட்டருக்கு. ஜெனரேட்டரை ஆஃப்லயே வெச்சுட்டு சப்ளையைப் போடு. போட்டு ஒரு நிமிஷம் பொறுத்து, பின் 2, பின் 3, எமிட்டர் மூணுலயும் டிசி எவ்வளவுன்னு எனக்கு அனுப்பு. எமிட்டர்ல 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தாத்தான் டிசி சோதனைக்குப் போகலாம். மெஷின் பக்கத்துல இருந்தா போன் எடுக்க மாட்டேன், பத்து மணிக்கு டீ பிரேக்ல பார்ப்பேன். எதுவும் சாப்பிடாம லேபுக்குப் போயிடாதே.